பாந்திராக் கோவிற்பங்கும் அதன் பழங்குடிகளும்

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில், சங்கத்திற்குரிய மனையை விற்று அப்பொருளைக் கல்வி நிதியிற் சேர்க்கலாமா, அன்றி மனையை மனையாகவே வைத்துக்கொள்ளலாமா என்பதுபற்றி நெடுநேரம் சொற்போர் நிகழ்ந்தது அன்பர் பலரும் அறிந்ததே. அவ்வழக்கு இன்னும் முடிவு பெற்றிலது. அடியேன் அன்று இரு பக்கத்தாரின் பேச்சையும் கேட்டிருந்தேனேயன்றி வாய் திறந்தேனல்லேன். பின்னர்க் கோடை விடுமுறையில், மாதுங்காவில் வாழும் என் தங்கையின் இல்லத்திற்குச் சென்றிருந்தபோது, என் மைத்துனர் ஒருநாள் மாலை மாகிம் உப்பங்கழியைக் கடந்து பாந்திரா என்னும் ஊருக்கு அழைத்துச் சென்றார். ஆண்டுக் கண்டனவும், அதன்பின் நூல்களிற் படித்தனவும் நம் சங்கத்தார் அறியத்தக்கன என்று தோன்றியமையின், ஈண்டு எழுதப் புகுந்தேன்.

இக்காலத்தார் மும்பை என வழங்கும் பம்பாய், பண்டு தனித்தனித் தீவுகளாய்க் கிடந்தது. அத்தீவுகட்கு வடக்கே, மாகிம் கழிக்கு அப்பால், சால்செட் என்னும் பெருந்தீவு உளது. அதன் தென்முனையில் உள்ள ஊரே பாந்திரா. மராட்டியர் அதனை வாந்த்ரே என்பர். 1534ஆம் ஆண்டில் கூர்ச்சரத்துச் சுல்தான் பகதூர் ஷா வசாயி என்னும் ஊரையும் இத்தீவுகளையும் போர்த்துக்கீசியர்க்கு விட்டுக்கொடுத்தான். வசாயி என்பதையே ஆங்கிலர் பஸ்ஸீன் என்றனர். அக்காலத்துப் பாந்திராவில் வாழ்ந்தோர் கோளியர் என்னும் மீன்பிடி மாக்களும், நெல் விளைக்கும் குண்பியரும், கள்ளிறக்கும் பண்டாரிகளும் முதலானோர். இங்குப் பண்டாரி என்றது நம் நாட்டுப் பண்டாரத்தாரை அன்று. தென்னையும் பனையும் ஏறித் தொழில் செய்யும் ஒரு வகுப்பாரை.

போர்த்துக்கீசியரோடு வந்த சேசு சபைத் துறவியர் இவ்வூரிற் கோவில் எழுப்பியது 1575இல். அர்ச். அந்திரேயர் பெயரால் அமைந்தது அக்கோவில். நம் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் அவ்வடியாரைப் பெலவேந்திரர் எனவும், அவர் உடன்பிறந்த பேதுருவை இராயப்பர் எனவும் பண்டு தொட்டுத் தமிழாக்கி வழங்குவர். பாந்திரா மக்கள் அவ்வாறு செய்திலர்; பறங்கிப் பெயரை அப்படியே பூண்டனர். ஆதலின் இன்றும் அவ்வூரில், வீட்டில் மராட்டி பேசும் குடும்பத்தார் டிசௌசா, பெரேரா, ரொட்ரிகஸ் என்று வழங்கக் காண்கிறோம். மானுவேல் கோமெஸ் என்னும் சேசு சபையார் இப்பகுதியில் ஆயிரக்கணக்கானோர்க்கு ஞானஸ்நானம் அளித்து, 'சால்செட்டின் அப்போஸ்தலர்' என்று பெயர் பெற்றார். மதம் மாறியோர் குலம் மாறிற்றிலர் என்பதையும் சொல்லுதல் வேண்டும். கோளியர் கோளியராகவும் குண்பியர் குண்பியராகவும் தனித்தனிப் பாடிகளில் வாழ்ந்து, தம்முள்ளே கொண்டும் கொடுத்தும் வந்தனர். சிம்பை கடலோரத்து மீனவர் பாடி. ரான்வர் உழவர் பாடி. ஒரே பீடத்தின்முன் முழந்தாளிட்டவர் பந்தியிலும் மணத்திலும் பிரிந்தே நின்றமை நம் நாட்டுக் கத்தோலிக்கரிடையும் உண்டு. நாம் அவர்களைக் குறைகூற உரியேமல்லேம்.

கோவில் முற்றத்தில் ஒரே கல்லிற் செதுக்கிய பெரிய சிலுவை ஒன்று நிற்கின்றது. கிறிஸ்துவின் பாடுகளைக் குறிக்கும் ஆணி, ஏணி, சாட்டை முதலிய கருவிகளை அதன் உடலெங்கும் புடைப்பாகச் செதுக்கியுள்ளனர். முன்னர் அது சேசு சபையாரின் அர்ச். அன்னம்மாள் கல்லூரி முற்றத்தில் நின்றதென்பர். அக்கல்லூரி இன்றில்லை. 1737 முதல் 1739 வரை மராட்டியர் படையெடுத்துச் சால்செட்டையும் வசாயியையும் கைப்பற்றிய காலத்தில், பகைவர்க்கு அரணாகாதபடி அக்கல்லூரி இடிக்கப்பட்டது. 1640இற் கட்டிய அகுவாதாக் கோட்டையும் அப்போரிற் சிதைந்தது. அதன் மிச்சத்தை இன்றும் கடல்முனையிற் காணலாம். ஐரோப்பியத் துறவியர் ஊரை விட்டு நீங்கினர். அந்திரேயர் கோவில் நிலைத்தது.

இவ்விடத்திலேயே பாந்திராக் கிறிஸ்தவரின் உண்மைச் சரித்திரம் தொடங்குகின்றது என்பது என் கருத்து. ஊட்டி வளர்த்தோர் சென்றனர். மதம் மாற்றிய அரசும் போயிற்று. மாறாது நின்றவர், திரும்பிப் போதற்கு வேறு ஊர் இல்லாத உழவரும் மீனவருமே. கோவாவிலிருந்து வந்த சுதேசிக் குருமார் பூசை நடத்தினர். கோவிற் பொருளைக் காக்க ஊரார் பொறுப்பேற்றனர். கோவில் நிதிக்குப் 'பாப்ரிக்கா' என்று பெயர். அதனைப் பார்க்கும் இல்லறத்தாரும், திருவிழாவை முறைவைத்து நடத்தும் பக்தி சபையாரும் ஊர்ப் பெரியோராய் மதிக்கப்பெற்றனர். நம் ஊர்களில் கோவில் தருமகர்த்தாவும் மண்டகப்படிக்காரரும் எத்தகையரோ அத்தகையர் இவர் என்க. 1774இல் சால்செட் ஆங்கிலக் கும்பினியார் வசமாயிற்று. 1780இல் அந்திரேயர் பங்கைச் சார்ந்து ஒரு பள்ளி தோன்றியது. அப்பள்ளி இன்றும் நடைபெறுகின்றது. பள்ளி ஆசிரியனாகிய எனக்கு, கோட்டையும் கல்லூரியும் சிதைந்து நாற்பதாண்டு சென்றபின் எழுந்த அப்பள்ளியின் வாயிலில் நிற்கையில் உண்டான உவகையை எழுதி முடியாது.

ஊருக்கு மேற்கே கடலை நோக்கிய குன்றின்மேல் தேவமாதா கோவில் உளது. அரபிக் கொள்ளையர் வந்து சுரூபத்தின் கையை வெட்டினரென்றும், கோளியன் ஒருவன் கனவிற் கண்டபடி கடலில் மிதந்த சுரூபம் ஒன்று கிடைத்ததென்றும் பல கதைகள் வழங்குகின்றன. அன்னையைக் கோளியர் 'மோத் மாவுலி' என்பர். பெரிய தாய் என்பது பொருள். இப்பொழுதுள்ள கட்டடம் 1904இல் எழுந்தது. அதை வகுத்த சிற்பர் ஷாபூர்ஜி சந்தாபாய் என்னும் பார்சி. 1954இல் அக்கோவில் பசிலிக்கா என்னும் சிறப்புப் பெற்றது. செப்டம்பர் 8ஆம் நாளை அடுத்த ஞாயிறு தொடங்கி எட்டு நாள் விழா நடைபெறும். நம் வேளாங்கண்ணியிலும் அதே நாளில் திருவிழா முடிவதை அன்பர்கள் நினைவு கூர்க. அங்கும் இந்துக்களும் பார்சிகளும் முஸ்லிம்களும் வந்து, கை, கால், வீடு, குழந்தை என மெழுகாற் செய்த உருக்களைக் காணிக்கையாக வைக்கின்றனர். யான் சென்ற நாள் திருநாள் அன்று. ஆயினும் படியோரத்துக் கடையில் மெழுகு வீடுகளை அடுக்கி வைத்திருந்தனர். வீடு வேண்டுவோர் வாங்குவது அது. அந்நகரில் அதற்கு விற்பனை மிகுதி என்று கடைக்காரர் கூறியபோது என் மைத்துனர் பெருமூச்செறிந்தார். அவர் வாடகை வீட்டிலிருப்பவர்.

நிற்க. இத்துணை ஒற்றுமையாக வாழ்ந்த பங்கு பின்னர் இரண்டாய்ப் பிளந்தது. அப்பிளவு குலத்தினாலும் வந்ததன்று, கொள்கையினாலும் வந்ததன்று; மேற்றிராணியாரை நியமிக்கும் உரிமை யாருடையது என்னும் வழக்கினால் வந்தது. கீழ்த்திசைக் கோவில்களுக்குத் தலைவரை நியமிக்கும் உரிமையைப் பாப்பரசர் பண்டு போர்த்துக்கல் மன்னருக்கு அளித்திருந்தார். அதனைப் பத்ரவாதோ என்பர். போர்த்துக்கல் வலி குன்றியபின், உரோமையிலுள்ள புரொப்பகாந்தா என்னும் சபை நேரே ஆட்களை அனுப்பலாயிற்று. இரு திறத்தாரும் ஒரே விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லுவோர். ஒரே பூசை செய்வோர். இருந்தும் ஒருவர் குருவை ஒருவர் ஏற்கார். நம் நாட்டிலும் மயிலை மேற்றிராசனத்தைப் பற்றி இவ்வழக்கு நெடுநாள் நடந்தது. பம்பாயிலோ, 1794இல் கும்பினியார் தாமே நடுவராகித் தீவிலிருந்த நான்கு பங்குக் கோவில்களை இரண்டு அவர்க்கு, இரண்டு இவர்க்கு எனப் பகிர்ந்து கொடுத்தனர். பாகப்பிரிவினையில் மாடு பிரிப்பது போல!

பாந்திராவிற்கு எதிர்க்கரையிலுள்ள மாகிமில் 1853இல் நடந்தது இன்னும் வியப்பு. அவ்வூர் மக்களிற் பெரும்பாலார் பத்ரவாதோ பக்கம் சேரத் துணிந்தமை கேட்டு, ஹார்ட்மன் என்னும் புரொப்பகாந்தா மேற்றிராணியார் தம்மைச் சார்ந்தோருடன் அர்ச். மிக்கேல் கோவிலினுள் புகுந்து கதவடைத்து அமர்ந்துவிட்டார். எதிர்ப்பக்கத்தார் வெளியே சூழ்ந்துகொண்டு உணவு செல்லாதபடி தடுத்தனர். உயிர் விடினும் கோவிலை விடேன் என்றார் அவர். பல நாள் கழித்து அரசினர் தலையிட்டு வாயிலைத் திறப்பித்தனர். கோவில் பத்ரவாதோவுக்குப் போயிற்று. அக்காலத்தையொட்டியே பாந்திராவிலும், பழைய அந்திரேயர் கோவிலுக்குச் சிறிது தொலைவில், இராயப்பர் பெயரால் மற்றொரு கோவில் எழுந்தது. அது புரொப்பகாந்தாவின் கீழ்ச் சேசு சபையார் நடத்தியது. 1886இல் எல்லைகள் வகுக்கப்பட்ட பின்னும், அந்திரேயர் கோவிலார் தாமான் மேற்றிராணியாரையும், இராயப்பர் கோவிலார் பம்பாய் அதிமேற்றிராணியாரையும் தலைவராகக் கொண்டனர். 1928இல் தாமான் மேற்றிராசனம் பம்பாயோடு இணைந்த பிறகே அப்பிளவு ஒழிந்தது. மூன்று தலைமுறைக் காலம் ஒரு சிற்றூரில் தமையன் ஒரு கோவிலுக்கும் தம்பி மற்றொரு கோவிலுக்கும் போயிருப்பான். அவ்விருவரும் தம் பகையின் காரணத்தை விளங்க உரைக்க வல்லரோ என்பது ஐயமே.

அவர்கள் இவ்வாறு எல்லை குறித்து வாதாடிக்கொண்டிருக்கையில், உண்மையான எல்லை சத்தமின்றிக் கரைந்தது. 1845 வரை பம்பாய்க்கும் பாந்திராவிற்கும் இடையே ஓடமே வழி. கழியைக் கடக்கையில் படகு கவிழ்ந்து மடிந்தோர் பலர். இதற்கு இரங்கி ஜம்சேட்ஜி ஜீஜீபாயின் மனைவியாராகிய ஆவாபாய் அம்மையார் 1,57,000 ரூபாய் அளித்து மாகிம் பாலத்தெருவை அமைப்பித்தார். சுங்கம் வாங்கலாகாது என்பதே அவ்வம்மையார் விதித்த ஏற்பாடு. அடுத்த இருபதாண்டிற் புகைவண்டியும் வந்தது. ஓடத்துறையாய் இருந்த கிராமம் பட்டணத்தின் புறநகராயிற்று. பட்டணத்தில் அலுவல், பாந்திராவில் இல்லம் என்னும் வாழ்க்கை பிறந்தது.

பாலமும் இருப்புப்பாதையும் ஊராரை வெளியே கொண்டுசென்றதோடு வெளியாரையும் உள்ளே கொண்டுவந்தன. கோவாவிலிருந்தும் மங்களூரிலிருந்தும் கல்வி கற்ற கத்தோலிக்கர் பலர் பம்பாயில் வேலை தேடி வந்தனர். பெயரோ இவர்க்கும் டிசௌசா, அவர்க்கும் டிசௌசா. துரைத்தனத்தார் அனைவரையும் போர்த்துக்கீசியர் என்றே எழுதினர். தாமோ ஆங்கிலக் குடிகள். கும்பினி நாள் முதல் அதன் அலுவலில் இருந்த பரம்பரை. அயல்நாட்டுக் குடியினரோடு தம்மை ஒன்றாக எண்ணுதல் தகுமோ என்று மண்ணின் குடிகள் மனம் புழுங்கினர். விக்டோரியா மகாராணியாரின் ஐம்பதாம் ஆண்டு விழா நடந்த 1887இல், மே 26ஆம் நாள், பம்பாய்க் கிழக்கிந்தியர் சங்கம் தோன்றியது. தாம் சேவித்த கிழக்கிந்தியக் கும்பினியின் பெயரையே தம் குலப்பெயராகக் கொண்டனர்!

கும்பினி கலைந்தது 1874இல். கலைந்து பதின்மூன்றாண்டு சென்றபின் அதன் பெயரைப் பூண்டனர் என்றால் நகைப்பார் நகைக்க. யான் நகையேன். குடிமதிப்புக் காலந்தோறும் நம் தமிழ்நாட்டு வகுப்பார் பலரும் துரைத்தனத்தாருக்கு விண்ணப்பம் எழுதிப் பெயர் மாற்றக் கேட்ட வரலாறு நமக்கு மறந்துபோகவில்லை. ஆளுவோர் ஏட்டில் ஏறாத பெயருக்கு அலுவல் கிடைப்பதில்லை. அதனால் ஏட்டில் ஏறத்தக்க பெயர் தேடினர். மேலும், கோளியர் என்றும் குண்பியர் என்றும் பண்டாரி என்றும் பிரிந்து நின்றவர்கள் தம்மையெல்லாம் ஒருசேர அழைக்க ஒரு பெயர் பெற்றது அதுவே முதன்முறை. அப்பெயர் கோவிலிலிருந்து வந்ததன்று, குலத்திலிருந்து வந்ததன்று, மொழியிலிருந்தும் வந்ததன்று. அது சம்பளப் பட்டியலிலிருந்து வந்தது. அங்கேயே அவர்களின் ஏற்றமும் இழப்பும் ஒருங்கே தொடங்கின என்று கருதுகிறேன். குமாஸ்தாவின் மாதச் சம்பளம் உறுதியானபின், சேற்றில் இறங்கி விளைக்கும் நெல் யாருக்கு வேண்டும்?

1896இல் பம்பாயிற் கொள்ளைநோய் தோன்றியது. எலி செத்து விழுந்த வீட்டைவிட்டு மக்கள் ஓடினர். புறநகர்களுக்குக் குடியேறினோர் பலர். நோய் பாந்திராவையும் விடவில்லை. அந்நாளில் அவ்வூரார் செய்ததை நேரிற் கண்டேன். ஒவ்வொரு பாடியின் மூலையிலும், வழி பிரியுமிடங்களிலும் சிலுவைகளை நாட்டினர். அவற்றுட் பலவற்றில் ஆண்டைப் பொறித்துள்ளனர். கோவிலுக்குச் செல்லவும் அஞ்சிய காலத்தில், மாலை வேளையில் தெருச் சிலுவையைச் சுற்றி நின்று செபமாலை சொல்லி நோய் நீங்க வேண்டினராம். நம் ஊர்களில் அம்மை வந்தால் எல்லையில் மாரியம்மனுக்குப் பொங்கலிடுவது போன்றதே அது. ரான்வர் பாடியில், ஓட்டுக்கூரையும் மரத்தாழ்வாரமும் உள்ள பழைய வீடுகளுக்கு நடுவே நின்ற ஒரு சிலுவையின் அடியில் எரிந்து முடிந்த மெழுகுத்திரியும் வாடாத சாமந்தி மாலையும் கண்டோம். மாலை அன்றைக்குத்தான் சாத்தியது. பூசை செய்ய அங்கு யாரும் இல்லை, உண்டியல் இல்லை, விலைகொடுத்து வாங்க வருவாரும் இல்லை. அதனாலேயே அது நிலைத்தது போலும்.

வயல்களுக்கோ அந்நல்வினை இல்லை. நகர் வளர வளர, பாந்திராவின் நெல் வயல்கள் சில அரசினர் நகரமைப்புத் திட்டங்களுக்குப் போயின. சில தனித்தனியே விலைப்பட்டன. அக்காலத்தில் அது நல்ல விலையாகவே தோன்றியிருக்கும். இதற்கு மாறாக ஒரு வழி கண்டோரும் உளர். 1915இல் பம்பாயின் காம்தேவியில் சாரசுவதப் பிராமணர் தம் குலத்தாருக்கென ஒரு கூட்டுறவு வீட்டுச் சங்கம் அமைத்திருந்தனர். நிலம் சங்கத்தின் பெயரில், குடியிருக்கும் உரிமை உறுப்பினருடையது என்பது அதன் முறை. 1918இல் பாந்திராவில் சால்செட் கத்தோலிக்கக் கூட்டுறவு வீட்டுச் சங்கம் தோன்றியது. வயலாய்க் கிடந்த நிலத்தை வகுத்து மனையாக்கி, சிறு தோட்டம் சூழ்ந்த வீடுகளை உறுப்பினர் கட்டினர். கிழக்கிந்தியர், கோவையர், மங்களூரார் என்னும் வேற்றுமை சம்பளப் பட்டியலில் எவ்வளவு கடுமையாய் இருந்ததோ, அவ்வளவுக்கு இங்கே தளர்ந்தது. கோவையர் என்றது கோவா நாட்டினரை. மனை வாங்கப் பொருள் சேர்க்கும்போது ஒருவர்க்கு மற்றொருவர் வேண்டியவராயினர்.

1950இல் பாந்திரா பம்பாய் நகராட்சியோடு இணைந்தது. 2009இல் கடலின்மேற் பாலம் வந்தது. 1845இல் ஓடத்திற்குப் பதில் வந்த தெருவும் போதாதென்று ஆயிற்று. ரான்வரிலும் சிம்பையிலும் எஞ்சிய சில பழைய வீடுகளை மாடிக் கட்டடங்கள் நெருக்கி நிற்கின்றன. அவ்வீடுகளில் ஒன்றின் திண்ணையில் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். என் மைத்துனர் மராட்டியில் நலம் உசாவ, அவர் எங்களை உள்ளே அழைத்துத் தேநீர் அளித்தார். தந்தைக்கு வயல் எங்கே இருந்தது என்று கேட்டேன். அவர் எழுந்து வாயிலுக்கு வந்து, தெருவின் அப்பக்கத்திலிருந்த உணவுக்கடையைக் கையாற் காட்டினார். என்ன விலைக்குப் போயிற்று என்று கேட்க எனக்கு நா எழவில்லை.

அவ்வகுப்பாரிடம் இன்றும் நிலைத்திருக்கும் வழக்கங்களை அவரே சொன்னார். மணத்திற்கு முன்னாள், வீட்டுப் பெண்டிர் குடங்களை ஏந்தி, வாத்தியம் முழங்கக் கிணற்றுக்குச் சென்று நீர் கொண்டுவருவர். மணமக்களுக்குத் தேங்காய்ப்பால் பூசி நீராட்டுவர். நம் இல்லங்களின் நலங்கு போன்றதே அது. கோடையில் மிளகாயும் மல்லியும் இன்னும் பல சரக்கும் வறுத்திடித்து ஆண்டு முழுதுக்குமான மசாலையைக் கறுப்புச் சீசாக்களில் அடைத்து வைப்பர். ஆதலின் அதற்குச் சீசா மசாலை என்றே பெயர். பாட்டனார் பெயரால் நிலம் இல்லாத இல்லத்திலும் அச்சீசாக்கள் உள. எங்களுக்கும் ஒன்று கட்டித் தந்தார்.

ஒக்டோபர் மாதத்து முதல் ஞாயிறன்று அவர்கள் 'ஆகேரா' என்னும் புதிர் விழாக் கொண்டாடுவர். முதலில் அறுத்த நெற்கதிர்களைக் கோவிலுக்கு எடுத்துச் சென்று குருவானவரின் ஆசி பெற்று, வீட்டிற்குக் கொணர்ந்து வைப்பர். நாம் தைத்திங்களிற் செய்வதை அவர்கள் மழைக்கால அறுவடை முடிவிற் செய்கின்றனர். பாந்திராவில் இன்று நெல் விளையும் வயல் ஒன்றும் இல்லை. கதிரோ தவறாது வருகின்றது. எங்கிருந்து என்றேன். வடக்கே வசாயிப் பக்கத்தில் இன்னும் உழும் உறவினர் சிலர் இருக்கின்றனர் என்றும், அவர்களும் இப்பொழுது நிலத்திற்கு விலை பேசிக்கொண்டிருக்கின்றனர் என்றும் அம்முதியவர் கூறினார்.